ஐந்து ராப்பர், ஒரு பீட்: கூட்டு ஹிப்-ஹாப் சிங்கிள் போடுவதற்கான முழு வழிகாட்டி

ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராப் பாட்டு போடலாம் என்ற பேச்சு பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஆரம்பிக்கும். ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் நெருப்பு எமோஜி போட்டுவிடுவார்கள், ஒருத்தர் பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) அனுப்புவார், இன்னொருத்தர் போஸ்டர் வரைக்கும் யோசித்துவிடுவார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே குரூப்பில் கடைசி மெசேஜ் "ப்ரோ, வெர்ஸ் என்னாச்சு?" என்று நிற்கும்.

திறமை போதாமல் நின்றுபோன கூட்டுப் பாட்டுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. யார் முடிவெடுப்பது என்று யாருக்கும் தெரியாமல் நின்றவைதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் மைக்கை எப்படிப் பிடிப்பது, ஃப்ளோ என்றால் என்ன என்பதெல்லாம் இருக்காது. தனியாக ஒரு பாட்டாவது போட்டு வெளியிட்டவர், இப்போது நாலைந்து பேரை ஒரே பீட்டில் ஏற்றப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: பாட்டுக்கு ஒரு பொறுப்பாளி

இந்த வகைப் பாட்டுக்கு அமெரிக்காவில் 'போஸி கட்' என்று பேர். எல்லாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது 1988-ல் வந்த 'தி சிம்ஃபனி'. நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த பீட் தயாரிப்பாளர் மார்லி மார்ல், தன் ஜூஸ் க்ரூ குழுவில் இருந்த மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன் ஆகிய நாலு பேரை வரிசையாக மைக் முன்னால் நிறுத்திய பாட்டு அது. அதில் மார்லி மார்லுக்கு ஒரு வெர்ஸ் (ஒருவர் தனியாக ராப் பண்ணும் பகுதி) கூட கிடையாது. ஆனாலும் அது அவருடைய பாட்டு, அவருடைய ஆல்பத்தில்தான் வந்தது. 1992-ல் வூ-டாங் கிளான் எட்டு பேரை வைத்து 'ப்ரொடெக்ட் யா நெக்' போட்டபோதும் கதை இதுதான்: ராப் பண்ணியவர்கள் எட்டு பேர், கட்டுப்பாடு பீட் பண்ணிய ரிஸா ஒருவர் கையில்.

உங்கள் பாட்டிலும் அப்படி ஒருத்தர் வேண்டும். பீட் எது, யார் எத்தனை பார் (நாலு அடி கொண்ட ஒரு தாள அளவு), யார் முதலில், எந்தத் தேதிக்குள், எந்த வெர்ஸில் எதை வெட்டுவது என்ற ஐந்துக்கும் கடைசி வார்த்தை அவருடையது. மற்றவர்களுக்கு ஒரே ஒரு உரிமை போதும். தன் வெர்ஸில் கை வைத்த பிறகு அது தனக்குப் பிடிக்கவில்லை என்றால் வெர்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். பொறுப்பாளி பீட் பண்ணுகிறவராகவோ மிக்ஸ் பண்ணுகிறவராகவோ இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் அவருக்குத் தன் வெர்ஸை நீளமாக வைத்துக்கொள்ளும் ஆசை இருக்காது. குழுவில் ஃபாலோயர் அதிகம் உள்ளவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவரை எதிர்த்து மற்ற நாலு பேரும் வாய் திறக்க மாட்டார்கள், பாட்டு அவருடைய சோலோவாக மாறி, மற்றவர்கள் அதில் விருந்தாளியாக வந்துபோவார்கள்.

படி 2: யார் யார்

நாலு அல்லது ஐந்து பேர். ஆறாவது ஆளைச் சேர்க்கும்போதே ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடம் சுருங்க ஆரம்பித்துவிடும். 1989 ஜனவரியில் வந்த 'செல்ஃப் டெஸ்ட்ரக்‌ஷன்' பாட்டில் ஒரு டஜன் பேருக்கு மேல் இருந்தார்கள். கேஆர்எஸ்-ஒன் ஆரம்பித்த வன்முறை எதிர்ப்பு இயக்கத்தின் பாட்டு அது, வருமானம் நேஷனல் அர்பன் லீக் என்ற அமைப்புக்குப் போனது. அங்கே ஆள் எண்ணிக்கையே செய்தியாக இருந்ததால் சரிப்பட்டது. உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லையென்றால் ஐந்தோடு நிறுத்துங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்ஸ்டா எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு குரலைக் கேளுங்கள். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஐந்து பேருடைய பழைய பாட்டுகளிலிருந்தும் பத்துப் பத்து விநாடி வெட்டி ஒட்டி, ஹிப்-ஹாப் அதிகம் கேட்காத நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று பேர் என்று பதில் வந்தால் ஆளை மாற்ற வேண்டும். கட்டைக் குரல் ஒன்று, மூக்கிலிருந்து வரும் கீச்சுக் குரல் ஒன்று, நிதானமாகப் பேசுவது போல ராப் பண்ணும் ஆள் ஒன்று, வேகக்காரர் ஒருவர் என்று கலவை இருக்க வேண்டும். தமிழில் இதற்கு நல்ல பழைய உதாரணம் 2006-ல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்று மூன்று குரல். யார் பாடுகிறார் என்று பார்க்காமலே தெரியும்.

வட்டார வழக்கும் இதே வேலையைச் செய்யும். வடசென்னைக்காரர் ஒருவர், மதுரைக்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஒருவர் என்றால் முதல் வரியிலேயே ஆள் மாறியது காதுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதற்காக யாரையும் செயற்கையாக ஊர்ப் பாஷை பேச வைக்காதீர்கள், கேட்கவே கூசும். பெண் ராப்பர் இருந்தால் ஹுக்கை (திரும்பத் திரும்ப வரும் பல்லவியை) மட்டும் கொடுத்து ஒதுக்காமல் முழு வெர்ஸ் கொடுங்கள். மேலே சொன்ன 1989 பாட்டிலேயே எம்சி லைட்டுக்கு வெர்ஸ் இருந்தது, இத்தனை வருஷம் கழித்து நாம் அதைவிடப் பின்னால் இருக்க வேண்டாம்.

கூப்பிடும்போதே வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பழைய சண்டை ஏதாவது இருந்தால் அது இப்போதே வெளியே வரட்டும்.

படி 3: பீட்டும் பார் கணக்கும்

இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 அடி) பீட்டில் ஒரு பார் சுமார் 2.67 விநாடி. 16 பார் என்றால் 43 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து பேருக்கும் ஆளுக்கு 16 கொடுத்தால் வெர்ஸ் மட்டுமே மூன்றரை நிமிஷத்தைத் தாண்டும். எட்டு பார் ஹுக் நாலு தடவை, முன்னால் நாலு பார் இன்ட்ரோ என்று சேர்த்தால் ஐந்து நிமிஷம் ஒன்பது விநாடி வந்து நிற்கும். சிங்கிளுக்கு இது அதிகம். அதையே ஆளுக்கு 12 பார், ஹுக் மூன்று தடவை என்று மாற்றினால் நாலு நிமிஷத்துக்கு உள்ளே, சுமார் 3:55-க்கு வந்துவிடும். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 'ப்ரொடெக்ட் யா நெக்' பாட்டில் ஹுக்கே கிடையாது, வெர்ஸ்கள் சமமும் இல்லை. அதில் யூ-காட் வந்து சில வரிகளில் போய்விடுவார், அந்தக் குறுகிய இடத்திலேயே அந்தக் கட்டைக் குரல் காதில் தங்கிவிடும்.

இன்னொரு குழப்பம். ட்ராப் என்ற வகை பீட்டை ஒருத்தர் 140 பிபிஎம் என்று எண்ணுவார், இன்னொருத்தர் அதே பீட்டை 70 என்று எண்ணுவார். 140 கணக்கில் 16 பார் சுமார் 27 விநாடி, 70 கணக்கில் 55 விநாடி. "எல்லாரும் 16 எழுதுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் யாரோ ஒருவருடைய வெர்ஸ் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் வந்து சேரும், அதில் பாதியை வெட்டச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கும். அதனால் பாரோடு சேர்த்து விநாடியையும் சொல்லுங்கள்: "உன் இடம் 0:54-லிருந்து 1:26 வரை". தப்பிக்கவே முடியாது.

பீட்டைப் பொறுத்தவரை, தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் காலியாகத் தெரிகிற பீட்தான் இந்த வேலைக்கு நல்லது. நாதஸ்வர சாம்பிள், பறை லூப், வயலின், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் பீட்டில் ஐந்து குரல் ஏறினால் கேட்பவர் மூன்றாவது நிமிஷத்தில் களைத்துவிடுவார். அடிப்படை லூப் ஒன்றே இருக்கட்டும், ஆள் மாறும்போது மட்டும் ஏதாவது ஒன்று மாறட்டும். ஒருவர் நுழையும் முதல் இரண்டு பாருக்கு கிக் (டிரம்மின் கனத்த அடி) இல்லாமல் விடுங்கள், இன்னொருவருக்கு பேஸ் மட்டும், வேகக்காரர் வரும்போது ஹை-ஹாட் என்ற சிம்பல் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், அவர் வாயே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இணையத்தில் 'ஃப்ரீ பீட்' என்று கிடைப்பதை எடுத்து சிங்கிள் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 'ஃப்ரீ' பெரும்பாலும் காசு சம்பாதிக்காத வரைக்கும்தான். லீஸ் (வாடகை உரிமை) எடுத்தாலும் அதே பீட் இன்னும் பல பேரிடம் இருக்கும். அதை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (பாட்டை அடையாளம் கண்டு உரிமை கோரும் முறையில்) உங்கள் பெயரில் போட்டால் மற்றவர்கள் வீடியோவுக்கெல்லாம் க்ளெய்ம் போகும், அப்புறம் சண்டைதான். ஐந்து பேர் உழைப்பு சேரும் பாட்டுக்கு ஒன்று எக்ஸ்க்ளூசிவாக (உங்களுக்கு மட்டுமே உரிமை வரும்படி) வாங்குங்கள், இல்லை புதிதாகப் பண்ணச் சொல்லுங்கள்.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போடும் ஆசை இருந்தால், அதற்கு இரண்டு அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் இன்னொன்று. அதே ஜூஸ் க்ரூவைச் சேர்ந்த பிஸ் மார்க்கி, கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றார், ஆல்பத்தின் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் அமெரிக்க லேபிள்கள் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்க ஆரம்பித்தன.

படி 4: எழுதுவதற்கு முன் எதைப் பிரித்துக்கொள்வது

"டாப்பிக் இல்ல ப்ரோ, சும்மா கெத்தா போடலாம்" என்று ஆரம்பித்தால் ஐந்து பேரும் ஐந்து விதமாக 'நான்தான் பெரிய ஆள்' என்றே எழுதிக்கொண்டு வருவார்கள். கெத்துப் பாட்டே போடுங்கள், தப்பில்லை, ஆனால் கோணத்தைப் பிரியுங்கள். ஊர் என்று ஒரு பொருள் எடுத்தால் ஒருவர் பஸ் ஸ்டாண்டை எழுதட்டும், ஒருவர் ஊரை விட்டுப் போனதை, ஒருவர் ஊர் தன்னை ஒதுக்கியதை, ஒருவர் வெறும் சாப்பாட்டை. ஒரு ஷீட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதி எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள்.

அடுத்தது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இறுதி ஒலி ரொம்ப மலிவாகக் கிடைக்கும். வரேன்டா, தரேன்டா, நின்னேன்டா, சொன்னேன்டா என்று ராத்திரி முழுக்க எழுதலாம். ஒருத்தர் பாட்டில் அது உறுத்தாது. ஐந்து பேரும் அறுபது பாருக்கு 'டா'வில் முடித்தால் மூன்றாவது ஆள் வரும்போதே அடுத்த வரி எப்படி முடியும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்வது கொஞ்சம் வாத்தியார்த்தனமாக இருக்கும், இருந்தாலும் பயன்படும்: 'டா', 'றேன்', 'ன்னு' மூன்றையும் ஆளுக்கு இரண்டு தடவைக்கு மேல் வரி முடிவில் போடக் கூடாது என்று விதி வையுங்கள். உடனே எல்லாரும் பெயர்ச்சொல்லில் முடிக்க ஆரம்பிப்பார்கள், வரி தானாகக் கெட்டியாகிவிடும்.

அதோடு நம்மிடம் எதுகை இருக்கிறது. ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் முடிவு ஒலியையே துரத்துவார்கள், ஆனால் தமிழ்க் காது சீரின் ஆரம்பத்தில் வரும் ஒலிக்குத்தான் பழகியது. சும்மா ஒரு மாதிரிக்கு:

பட்ட கடன் பாதி, விட்ட பெருமூச்சு மீதி,
தட்டு இந்த பீட்டை, சுட்ட மண்ணு சாட்சி.

பட்ட, விட்ட, தட்டு, சுட்ட ஆகிய நாலிலும் வரும் 'ட்' கிக் மேலேயோ ஸ்னேர் மேலேயோ விழுந்தால் டிரம்மோடு சேர்ந்து அடிக்கும். வரியின் கடைசி எப்படி முடிந்தாலும் கவலை இல்லை. ஒருவர் எதுகையில் விளையாடட்டும், ஒருவர் முடிவு ஒலியில், ஒருவர் ஒலியே பார்க்காமல் கதை சொல்லட்டும். குறில் நெடிலையும் கவனியுங்கள். ஃப்ளோவுக்காக நெடிலைக் குறிலாக நசுக்கினால் தமிழில் வார்த்தையே மாறிவிடும், 'பாடு' என்று எழுதியது 'படு' என்று கேட்கும்.

படி 5: வரிசை

யார் முதலில், யார் கடைசி? பாதி மனக்கசப்பு இங்கேதான் பிறக்கும், அதனால் இதைப் பொறுப்பாளி தனியாக முடிவு செய்துவிட்டு அறிவிப்பதே நல்லது.

பழைய பாட்டுகளைப் பாருங்கள். 'தி சிம்ஃபனி'யில் நாலு பேரில் அப்போது பெயர் குறைவாகத் தெரிந்த மாஸ்டா ஏஸ் முதலில், பிக் டாடி கேன் கடைசி. எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழு 1992-ல் சிங்கிளாக விட்ட 'சினாரியோ'வில் கடைசி இடம் விருந்தாளியாக வந்த பஸ்டா ரைம்ஸுக்கு, அந்த ஒரு வெர்ஸ் அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 1994-ல் வந்த 'ஃப்ளேவா இன் யா இயர்' ரீமிக்ஸ் இதற்கு நேர் எதிர். நோட்டோரியஸ் பிஐஜி முதலில் வந்து அடித்துவிட்டுப் போவார், பாட்டுக்குச் சொந்தக்காரரான கிரெய்க் மேக் இரண்டாவது, பிறகு ராம்பேஜ், எல்எல் கூல் ஜே, கடைசியில் மறுபடியும் பஸ்டா ரைம்ஸ்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கடைசி இடம் புகழுக்கு உரியதல்ல, சக்திக்கு உரியது. மேடையில் கூட்டத்தை எழுப்பக்கூடியவர் யாரோ, அவரைக் கடைசியில் வையுங்கள். முதல் இடத்துக்குத் தெளிவான உச்சரிப்பு உள்ளவர் வேண்டும், ஏனென்றால் ஸ்கிப் பண்ணுவதா வேண்டாமா என்று கேட்பவர் முடிவெடுப்பது அவரைக் கேட்டுத்தான். நிதானமான ஆளை வேகக்காரருக்கு அப்புறம் வைத்தால் ஓய்வாக இருக்கும், முன்னால் வைத்தால் வேகக்காரர் இன்னும் வேகமாகத் தெரிவார். இரண்டும் சரி, பாட்டைப் பொறுத்தது. சோர்வு தட்டும் இடம் எப்போதும் மூன்றாவது வெர்ஸ்தான், அதனால் ஒட்டாத குரல், வித்தியாசமான வழக்கு, பெண் குரல் எது உங்களிடம் இருக்கிறதோ அது அங்கே வரட்டும்.

வெர்ஸ்களுக்கு நடுவே கைமாற்றமும் முக்கியம். ஒருவர் முடிக்கும் கடைசி வார்த்தையை அடுத்தவர் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால், தனித்தனியாகப் பதிவு செய்ததை ஒட்டியது போலவே தெரியாது. அதற்கு எழுதும்போதே ஒருவர் வரியை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். "வெர்ஸ சஸ்பென்ஸா வைக்கறேன்" என்பவரிடம் கடைசி இரண்டு பாரை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

படி 6: ரெக்கார்டிங்குக்கு முன்னால் பேப்பர்

போர் அடிக்கும், ஆனால் தாண்டாதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று எழுதப்பட்ட வரியும் இசையும், இன்னொன்று பதிவு செய்யப்பட்ட மாஸ்டர். இரண்டுக்கும் தனித்தனியாகப் பங்கு எழுத வேண்டும்.

வரிக்கும் இசைக்கும் பரவலாக இருக்கும் வழக்கம் பாதி இசை, பாதி வரி. ஐந்து பேரும் சமமாக எழுதியிருந்தால் ஆளுக்கு 10 சதவீதம், பீட் பண்ணியவருக்கு 50. நீளம் வேறு வேறாக இருந்தால் பார் கணக்கில் பிரிக்கலாம்: ஹுக்கை ஒரு தடவை மட்டும் எண்ணி, மொத்தம் 64 பார் என்றால் 16 எழுதியவருக்கு வரியின் பாதியில் கால் பங்கு, அதாவது 12.5. என்னைக் கேட்டால் சமமாகப் பிரிப்பதே மேல். பார் எண்ணிக் காசு என்று வந்துவிட்டால் யாரும் தன் வெர்ஸை வெட்ட விடமாட்டார்கள். மாஸ்டருக்கு வேறு கணக்கு. ஸ்டுடியோ, மிக்ஸ், வீடியோ செலவை யார் போட்டார்களோ அவர்கள் முதலில் அதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிரிப்பது என்று எழுதலாம். விருந்தாளியாக வரும் பிரபலமான ஃபீச்சர் ஆள் மொத்தமாக ஒரு தொகை கேட்டால் கொடுங்கள், ஆனால் அது மாஸ்டர் பங்குக்குப் பதிலா, கூடுதலா என்று தெளிவாக எழுதுங்கள்.

இந்தியச் சட்டம் இதில் எழுதியவருக்கு ஆதரவாகவே இருக்கிறது. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் இசை அமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை நம்பாதீர்கள். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கனடாவிலோ மலேசியாவிலோ ஒருவர் இருந்தால் 'உலகம் முழுவதும்' என்ற வார்த்தையை மறக்காதீர்கள். எழுதுகிறவர்கள் ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதியும்போது, ஐந்து பேரும் ஒரே பங்குக் கணக்கைக் கொடுக்க வேண்டும். இங்கே 10, அங்கே 20 என்று போட்டால் மொத்தம் நூறைத் தாண்டி எல்லாருக்கும் சிக்கல்.

காசைப் போலவே பெயரும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' தமிழ் சுயாதீன இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டு. அதே வருஷம் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில், பாடகி தீயோடு சேர்ந்து அதைப் பாடிய ராப்பர் அறிவு இல்லாதது பெரிய விவாதமானது. 2024-ல் அதைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தான், தீ, அறிவு என்று தங்கள் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னாலேயே இப்படி என்றால், நம் பாட்டுக்கு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவதில் என்ன கூச்சம்? போஸ்டரில் பெயர் வரிசை, எழுத்தின் அளவு, பேட்டிக்கு யார் போவது வரைக்கும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: ரெக்கார்டிங்

எல்லாரும் ஒரே ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவு செய்ய முடிந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. மற்றவர் டேக்கைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டவுடன் ஒவ்வொருத்தரும் உள்ளே போய் தன் வெர்ஸை மாற்றி எழுதுவார்கள், அந்தப் போட்டிதான் இந்த வகைப் பாட்டின் ருசியே. முடியவில்லை என்றால், ஒவ்வொருவரும் தன் ஊரில் பதிவு செய்து அனுப்புவார்கள். அப்போது எல்லாருக்கும் ஒரே குறிப்பு போக வேண்டும்:

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் ஃபைல். எந்த எஃபெக்டும் இல்லாமல், ஆட்டோட்யூன் வேண்டுமென்றால் போட்டது ஒன்று போடாதது ஒன்று. உச்சம் மைனஸ் 6 டிபியைத் தாண்டக் கூடாது. மெயின், டபுள் (அதே வரியை மறுபடி பாடி மேலே சேர்ப்பது), ஆட்-லிப் (இடையில் போடும் 'ஏய்' போன்ற குரல்) மூன்றும் தனித்தனி ஃபைல். எல்லா ஃபைலும் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும், உங்கள் வெர்ஸ் மூன்றாவது நிமிஷத்தில் வந்தாலும் சரி. அப்போதுதான் இங்கே இழுத்துப் போட்டவுடன் தானாகப் பொருந்தும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், அமுக்கிவிடும். டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.

வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு: மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் வலை), காதை மூடும் ஹெட்போன். பின்னால் மெத்தையை நிறுத்துங்கள், ஃபேனை அணையுங்கள். சென்னை மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ராப் பண்ணுவது என்னவென்று தெரியும், அதனால் நாலு நாலு பாராக எடுத்து நடுவில் வெளியே வாருங்கள். ஆனால் மூச்சு விடும் இடம் இயல்பாக இருக்கும்படி வெட்டுங்கள். டபுளை எல்லா வரிக்கும் போட வேண்டாம், வரியின் கடைசி வார்த்தைக்கும் அடி விழும் வார்த்தைக்கும் போதும். மற்றவர்கள் வெர்ஸுக்கு எல்லாரும் நாலைந்து ஆட்-லிப் கொடுங்கள். அடுத்தவர் வரியின் பின்னால் உங்கள் 'ஏய்' கேட்டால், சந்திக்காதவர்கள்கூட ஒரே அறையில் நிற்பது போலக் கேட்கும்.

படி 8: மிக்ஸ்

ஐந்து மைக், ஐந்து அறை, ஐந்து குரல். முதலில் தனித்தனியாகச் சுத்தம் செய்யுங்கள்: 80-100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அறை முழக்கம் இருந்தால் 300 பக்கம் கொஞ்சம் குறைப்பு, ஸ, ச கூர்மையாக இருந்தால் அதை அடக்கும் டீ-எஸ்ஸர். பிறகு ஐந்தையும் ஒரே பஸ்ஸில் (சேர்ப்பு ட்ராக்கில்) போட்டு லேசாக கம்ப்ரஸ் செய்து (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்து), ஒரே ஒரு சின்ன ரிவெர்பை (அறை எதிரொலியை) எல்லாருக்கும் பகிருங்கள். அந்த ஒரே ரிவெர்ப்தான் ஐந்து அறையையும் ஒன்றாக்கும்.

ஆள் மாறும் இடங்களை மட்டும் தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் இரண்டு விநாடி, பின்னால் இரண்டு விநாடி என்று வெட்டி வரிசையாக ஓடவிடுங்கள். சத்தம் ஏறி இறங்கினால், ஒருவர் தூரத்திலிருந்து பேசுவது போல இருந்தால், உடனே மாட்டிக்கொள்ளும். முழுப் பாட்டாகக் கேட்கும்போது இது பிடிபடாது, காது பழகிவிடும். "என் குரல் கம்மியா இருக்கு" என்று ஐந்து பேரும் சொல்வார்கள், ஐந்தையும் ஏற்றினால் பீட் செத்துவிடும். திருத்தம் சொல்ல ஒரே ஒரு சுற்று, அதுவும் பொறுப்பாளி வழியாக மட்டும்.

ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் சமப்படுத்திவிடும், அதனால் சத்தப் போட்டியில் மாஸ்டரை நசுக்க வேண்டாம். மாஸ்டர் வரும்போதே இன்ஸ்ட்ருமென்டல் (இசை மட்டும்), அகப்பெல்லா (குரல் மட்டும்), கெட்ட வார்த்தை இல்லாத வெர்ஷன் மூன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ப்ராஜெக்ட் ஃபைல் இருக்காது.

படி 9: ரிலீஸ்

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தரிடம் ஏற்றும்போது ஒவ்வொரு ராப்பரின் சரியான ஆர்ட்டிஸ்ட் பக்க லிங்கையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அதே பெயரில் வேறு நாட்டில் ஒரு ஆள் இருந்தால் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுக்க வாரக்கணக்கில் ஆகும். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் மேடைப் பெயர் அல்ல, சொந்தப் பெயர். பாட்டுக்கு வரும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டை எல்லாரும் குறித்து வையுங்கள், பின்னால் ராயல்டி கேட்க அதுதான் அடையாளம். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு விண்ணப்பிக்க ரிலீஸுக்கு ஏழு நாள் முன்னதாகவாவது பாட்டு உள்ளே இருக்க வேண்டும். நான் நாலு வாரம் விடுவேன்.

வீடியோவுக்குப் பணம் இல்லையென்றால் 'ஃப்ளேவா இன் யா இயர்' ரீமிக்ஸ் வீடியோவைப் பாருங்கள். ஹைப் வில்லியம்ஸ் எடுத்தது, கறுப்பு வெள்ளை, பின்னால் வெற்றுப் பின்னணி, முன்னால் ஆட்கள், முடிந்தது. ஐந்து ஊரில் ஐந்து கேமராவில் எடுத்தாலும் ஒரே சுவர் நிறம், ஒரே லென்ஸ் தூரம் என்று வைத்துக்கொண்டால் ஒட்டிவிடலாம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே போஸ்டரைப் போடுவதைவிட, ஆளுக்கு ஒரு நாளாகத் தன் வெர்ஸின் பத்து விநாடியைப் போட்டால் ஒரு வாரம் பேச்சு இருக்கும்.

படி 10: மேடை

ஐந்து பேரும் ஒரே மேடையில் நிற்கப்போவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். மற்ற நாட்களுக்கு இப்போதே ஷோ ட்ராக் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு வெர்ஸையும் தனியாக ஆன், ஆஃப் செய்யும்படி ஸ்டெம் (தனித்தனி ட்ராக்) பிரித்து டிஜேயிடம் கொடுத்தால், வராதவர் குரல் ட்ராக்கில் ஓடும், வந்தவர்கள் நேரடியாகப் பாடுவார்கள். இரண்டு பேர் மட்டும் வந்தால் அவர்கள் வெர்ஸும் ஹுக்கும் மட்டும் உள்ள இரண்டு நிமிஷ வெர்ஷன் ஒன்றும் வேண்டும். வராதவர் வெர்ஸை இன்னொருவர் பாடலாமா என்பதைப் படி 6 பேப்பரிலேயே எழுதிவிடுங்கள். சிலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், சிலருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.